பின் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடிய வண்டி: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மன்னார்குடியிலிருந்து:

விதைநெல் மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு நீடாமங்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். மேட்டூர் திறந்து குறுவை வேலை மும்முரமாக நடந்த நேரம். வழக்கமாக டாப் கியரில் சத்தமில்லாமல் வரும் 125 சிசி வண்டி, அன்றைக்கு ஒரு கியர் இறக்கினால்தான் நகர்ந்தது. மூட்டை கனமா, பெட்ரோலில் கலப்படமா, கிளட்ச் போய்விட்டதா என்று மண்டையைக் குடைந்துகொண்டே வந்தேன். பிரேக்கை நினைக்கவே இல்லை. வாசலில் நிறுத்தியதும் கருகல் நாற்றம். அப்பா திண்ணையில் இருந்தபடியே, "எதுடா தீயுது?" என்றார்.

பின் சக்கரத்தின் நடுவில் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மில் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று ஆவியாகிவிட்டது. முன் டிரம்மில் தெளித்தது அப்படியே வழிந்தது. கையை வைத்துப் பார்த்துவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

சாப்பிட்டுவிட்டு வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்றுக்கூட வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: போன வாரம் பட்டறையில் செயினை டைட் வைத்தார்கள். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் நகர்த்துவார்கள். சக்கரம் பின்னால் போனால், பெடலையும் சக்கரத்துப் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். யாரும் மிதிக்காமலே பிரேக் பாதி பிடித்த கதைதான். அதற்காக ராடு நுனியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அன்றைக்கு மறந்துவிட்டார்கள்.

நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் சுற்றியது. ஆனால் மனசுக்குத் திருப்தி இல்லை, எங்கோ உரசிக்கொண்டே இருந்தது. சரி என்று நட்டை முழுசாகக் கழற்றி ராடையே பிரித்துவிட்டேன். இனிமேல் பெடலுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. அப்படியும் உரசினால் கோளாறு டிரம்முக்கு உள்ளே. வெளியே தெரியும் பிரேக் லீவரைக் கையால் இழுத்துவிட்டால் அது டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என்னுடையது பாதி வழியில் நின்றுவிட்டது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூக்களை விரிக்கிற கேம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

பாமணி ஆற்றில் இறக்கிக் கழுவும் பழக்கம் எனக்கு உண்டு. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய், கேம் தண்டில் இருந்த கிரீஸ் காய்ந்து, துரு ஏறியிருந்தது. பட்டறையில் கேட்டதற்குப் பார்க்காமலே "ஷூ மாத்திடுங்க தம்பி" என்றார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஷூவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

லீவரைக் கழற்றும் முன்பு லீவரிலும் தண்டிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மாற்றி மாட்டினால் பிரேக்கே சரியாகப் பிடிக்காது. தண்டை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸை நகக்கண் அளவுக்குத் தடவினேன். ஆசைப்பட்டு அப்பினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கும், அப்புறம் பிரேக் வழுக்கும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஆக்ஸில் நட்டை இறுக்கினால் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் உட்காரும். கடைசியாக, பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருக்கும்படி ராடு நட்டை வைத்தேன். செலவு என்று பார்த்தால் உப்புத்தாளும் ஒரு சாயங்காலமும்தான்.

கும்பகோணத்திலிருந்து:

எனக்கு நடந்தது வேறு. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. சம்பா அறுவடை சமயத்தில் ரோடெல்லாம் வைக்கோல் பரப்பி வைத்திருப்பார்களே, அதில் ஓட்டி ஓட்டி பெடல் ஸ்பிரிங்கில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. பெடலின் அச்சிலும் சேறு காய்ந்து இறுகியிருந்தது. மிதித்தால் போகும், திரும்பி வராது. பின்னால் வந்தவர்தான், "அண்ணே, பிரேக் லைட் அணையவே இல்ல" என்று கத்திச் சொன்னார். லைட் அணையவில்லை என்றால் முதலில் பெடலைப் பாருங்கள், சக்கரத்தைக் கழற்றும் வேலை மிச்சம்.

வேதாரண்யத்திலிருந்து:

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் துருவேறி இறுகிவிடும். ஆனால் எனக்கு முதல் முறை வந்த கோளாறு அது இல்லை. வண்டி கிளம்பும்போது சரியாக இருக்கும், பத்து கிலோமீட்டர் போனதும் பிடிக்கும், அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகவே விட்டுவிடும். பேய் பிடித்த மாதிரி.

பிடித்திருக்கும்போதே காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தோம். சொட்டு ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே விட்டது. அப்படியானால் அழுத்தம் உள்ளே அடைபட்டு நிற்கிறது என்று பொருள். பிரேக்கை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. ஆயில் சூடாகி விரியும்போது அதன் வழியாகத்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். அது பழைய ஆயில் கசடால் அடைத்திருந்தது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனையோ ஸ்லைடு பின்களையோ சந்தேகப்படுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் இப்போதெல்லாம் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும், அதையும் அனுபவித்தாயிற்று.

திருவையாற்றிலிருந்து:

எனக்குக் காரணம் என் கால். பெடல் உயரமாக இருந்ததால் பாதம் எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இருந்த வீட்டம்மாதான், "பள்ளமே இல்லையே, எதுக்குங்க அமுத்திக்கிட்டே வர்றீங்க?" என்று கேட்டார். பெடல் உயரத்துக்கான போல்ட்டைத் திருகி அதைக் கொஞ்சம் இறக்கினேன். இறக்கியதில் ராடு இழுபட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டது. முதலில் எழுதியவர் சொன்ன அதே நட்டைத் தளர்த்திய பிறகுதான் சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது.