பிளாட்டரைத் தட்டிப் பார்த்த அன்று

என் டர்ன்டேபிளில் பியானோ இசைத்தட்டு போட்டால், நீண்டு ஒலிக்கும் சுரங்கள் லேசாக அலையும். பாடல்களில் இது காதில் படவே இல்லை. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திய பிறகு சுருதியை வளைக்க வழி கிடையாது. அதனால் வேகம் கொஞ்சம் பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். முதலில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மேல் சந்தேகப்பட்டேன். அப்புறம் மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட்டை மாற்றினேன். குறைந்தது, போகவில்லை.

என் பிளாட்டர், அதாவது இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு, மெல்லிய அலுமினியம். நண்பர் ஒருவர் அதே மாடலுக்குப் பொருந்தும் தடித்த, கனமான அக்ரிலிக் பிளாட்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைச் சற்று உயர்த்திவிட்டுக் கேட்டேன். சுரங்கள் அப்படியே நின்றன! எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

காரணம் எளிது. மோட்டாரின் சின்னச் சின்ன உதறல்கள் பெல்ட் வழியாகத் தட்டுக்கு வருகின்றன. சத்தமான இடங்களில் பள்ளத்தில் ஊசியின் உரசலும் கூடி, தட்டைப் பிடித்து இழுக்கிறது. கனமான தட்டை இவை எளிதில் அசைக்க முடியாது. ஆனால் எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதே எடையை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) நான்கு மடங்காகும். நல்ல பிளாட்டர்களின் விளிம்பு தடிமனாக இருப்பது அதற்காகத்தான்.

ஒரே ஒரு இசைத்தட்டில் மட்டும் அலைவு மிச்சமிருந்தது. எண்ணிப் பார்த்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறை, அதாவது 33⅓ வேகத்தில் சரியாக ஒரு சுற்றுக்கு ஒன்று. அந்த இசைத்தட்டின் துளையே மையம் தவறியிருந்தது. அதை எந்தப் பிளாட்டரும் சரிசெய்யாது.

பிறகு இன்னொன்று செய்து பார்த்தேன். மோட்டாரை நிறுத்தி, நிற்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியை அளவாக வைத்து, பிளாட்டரின் விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினேன். அக்ரிலிக்கில் 'டொக்' என்று முடிந்தது. பழைய அலுமினியத்தில் ஸ்பீக்கரில் 'டிங்ங்...' என்று மணி அடித்தது. பள்ளத்தில் பதிந்த இசை எது, தட்டின் அதிர்வு எது என்று ஊசிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடும். அலுமினியத்தின் மேல் தடித்த ரப்பர் மேட் போட்டதும் மணி அடங்கியது. ஆனால் பியானோவின் அலைவு அப்படியே இருந்தது. ஆக, இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

*

(இதைப் படித்த ஒருவரின் பதில்:) தட்டிப் பார்க்கும் சோதனையை நானும் இன்று செய்தேன். ஃபெல்ட் மேட்டோடு மணி அடித்தது, ரப்பரோடு இல்லை. வார்ப்பிரும்புத் தட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். என் மூவிங் காயில் (காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜில் வலுவான காந்தம் உண்டு. டோன்ஆர்மைச் சமன் செய்து மிதக்கவிட்டால், தட்டுக்கு அருகே வந்ததும் தானாகக் கீழே இழுபட்டது. ஊசியின் அழுத்தம் நான் வைத்ததைவிடக் கூடியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தடித்த மேட் போட்டு இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன்.

*

(இன்னொருவரின் பதில்:) கனமான தட்டுக்கு மாறுகிறவர்கள் தட்டின் அச்சைத் தாங்கும் பேரிங்கையும் கவனியுங்கள். முழு எடையும் அந்தச் சின்ன முனையில்தான் நிற்கிறது. நான் எண்ணெய் பார்க்காமல் விட்டுவிட்டேன். சில மாதங்களில் அமைதியான இடங்களில் 'உர்ர்' என்று கேட்க ஆரம்பித்தது. மோட்டாரும் சிறியது என்பதால் கிளம்பும்போது பெல்ட் வழுக்குகிறது. இப்போது கையால் மெல்லச் சுழற்றிவிட்ட பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.