அப்பத்தா கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசினோம்

அப்பத்தாவின் கண்ணாடி தேக்குச் சட்டம் போட்டது. நடுவில், சரியாக முகம் தெரியும் இடத்தில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. "ரசம் போன கண்ணாடி வீட்டுக்கு ஆகாது, எடுத்துப் போடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கடையிலும் புதுசு வெட்டிப் பொருத்தித் தருகிறோம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கண்ணாடியில் லேசாக ஒரு அலை உண்டு. தலையை அசைத்தால் பின்னால் ஜன்னல் கம்பி நெளியும். சின்ன வயதில் அதற்காகவே அதன் முன்னால் நிற்பேன். புதுக் கண்ணாடியில் அது ஏது?

பின்பலகையைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டியிருந்தோம். பலகை ஈரத்தில் உப்பிக் கிடந்தது. முதுகிலிருந்த சிவப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் எல்லாம் உள்ளே வெள்ளி கறுத்திருந்தது. ஆமாம், வெள்ளிதான். பாதரசத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துப் பூசிய காலத்துப் பெயர்தான் ரசம். 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டார். போகப் போக வெள்ளியே நிலைத்துவிட்டது. உங்கள் கண்ணாடியின் முதுகில் பெயின்டே இல்லாமல் சாம்பல் நிறத் தகடு மாதிரி இருந்தால் சுரண்டிவிடாதீர்கள், அதில் பாதரசம் இருக்கலாம்.

விசாரித்து விசாரித்து, ரசம் பூசத் தெரிந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி நல்லா இருக்கு தம்பி, முதுகுதான் போச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது.

பழைய பெயின்டையும் வெள்ளியையும் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். கைரேகை பட்டால்கூட அந்த இடத்தில் வெள்ளி பிடிக்காதாம். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் குளுக்கோஸ் சேர்த்து ஊற்றினார். டீத்தண்ணீர் போலப் பழுப்பானது. கண்ணாடிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பழுப்பு விலகி என் முகம் மெதுவாகத் தெளிந்து வந்தது. மிச்சக் கரைசலை அவர் வைத்திருக்கவில்லை, காய்ந்தால் வெடிக்கும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

இப்போது வேறு சுவரில், காற்றுப் போக நாலு மூலையிலும் கட்டை வைத்து மாட்டியிருக்கிறோம். தண்ணீர் தெளித்துத் துடைப்பதில்லை, ஓரத்தில் இறங்கிவிடும். அப்பத்தா ஒட்டிவைத்த பொட்டுகளின் பசைத் தடம் சட்டத்தில் இருக்கிறது. பாலிஷ் போடும்போது அந்த ஓரத்தை விட்டுவிடச் சொன்னேன்.