மறு: மாலிகுலர்லி இம்ப்ரின்டட் பாலிமர் – தமிழில் எப்படி?

அன்பர்களே,
முதுகலை வேதியியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தலைப்பிலேயே நிற்கிறேன். ஆஸ்துமா மருந்தான தியோபிலினின் மூலக்கூற்றை நடுவில் வைக்கிறோம். மெத்தாக்ரிலிக் அமிலம் ஹைட்ரஜன் பிணைப்பால் அதைச் சூழ்கிறது. குறுக்குப் பிணைப்பான் சேர்த்துப் பலபடியாக்கி, தியோபிலினைக் கழுவி எடுத்தால் அதன் வடிவில் குழி மிஞ்சும். ஒரே ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக உள்ள காஃபீனைக்கூட அந்தக் குழி அவ்வளவாகச் சேர்ப்பதில்லை, 1993இலேயே காட்டிவிட்டார்கள். 'மூலக்கூறு பொறித்த பலபடி' சரியா? 'கன்ட்ரோல்டு ராடிகல் பாலிமரைசேஷன்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

---

ஐயா, 'பொறி'யை விடாதீர்கள். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துப் பண்டங்களில் சோழரின் புலி பொறித்தார்கள். எலிப்பொறியும் பொறிதான், மூலக்கூறு மாட்டிக்கொள்கிறதே! துளையைக் குறிக்கும் 'பொள்'தான் இதற்கு வேர் என்பது என் துணிபு. குழியும் சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டது.

---

வேர் ஆராய்ச்சி இருக்கட்டும். வகுப்பில் றகரமும் ரகரமும் காதுக்கு ஒன்றுதான். பிள்ளைகள் 'பொரித்த பலபடி' என்று குறிப்பெடுப்பார்கள், அப்பளம் மாதிரி. மேலும், புலி முத்திரை மூட்டையின் மேலே இருப்பது. இங்கே குழி உள்ளே இருக்கிறது. சுவாமிமலையில் மெழுகை உருக்கி வெளியேற்றியபின் மண்ணச்சு நிற்கிறதல்லவா, அதுதான் இது. ஆனால் அங்கே அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். இங்கே அச்சுதான் சரக்கு. ஆகவே 'மூலக்கூற்றச்சுப் பலபடி'.

---

'அச்சு' என்றால் அச்சகம் என்று நினைக்க மாட்டார்களா? இலங்கையில் நாங்கள் படித்தது பல்பகுதியம். ராடிகல், அதாவது இணைசேராத எலக்ட்ரான் கொண்ட துகள், எங்களுக்கு மூலிகம். உங்கள் 'தனிஉறுப்பு' உடற்கூற்றியல் போல ஒலிக்கிறது.

---

மூலிகம் இங்கே மூலிகைக் கடைக்குப் போய்விடும், அண்ணா!
'கன்ட்ரோல்டு' பற்றி: வேதியியல் பெயர்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக் 2010இலேயே அந்த அடைமொழியைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது, எது கட்டுப்படுகிறது என்று சொல்லாத சொல் அது. அவர்கள் பரிந்துரைத்த பெயர் மீள்தன்மையுள்ள செயலிழப்பைச் சொல்கிறது. பலபடிச் சங்கிலியின் வளரும் முனை பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கும், அவ்வப்போது விழித்துச் சில ஒருமங்களை (சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகளை) சேர்த்துக்கொண்டு மறுபடி உறங்கும். சங்கிலிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் வலை சீராக அமைகிறது. சாதாரண முறையில் சில சங்கிலிகள் முந்தி ஓடி, அங்கங்கே திரண்டு முடிச்சாகிவிடும். குழிகள் ஒன்றுபோல் அமைய இதுதான் நல்ல வழி. 'மீள்முடக்கத் தனிஉறுப்புப் பலபடியாக்கல்' என்கிறேன். நீளம்தான்.

---

நீளமா? மூச்சே நின்றுவிடும். 'கட்டுறு' போதாதா?

---

எந்த முறை என்றும் எழுதுங்கள். இந்த வகையில் செம்பு வினையூக்கியால் நடக்கும் ஏ.டி.ஆர்.பி. என்ற முறைக்கு மெத்தாக்ரிலிக் அமிலம் எளிதில் ஒத்துவராது. செம்போடு பிணைந்திருக்கும் ஈனிகளைப் புரோட்டானேற்றி வினையூக்கியைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் 1998இல் வெளிவந்த, இதே வகையைச் சேர்ந்த ராஃப்ட் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

---

எல்லோருக்கும் நன்றி. 'அச்சு'தான் எனக்குப் பொருத்தமாகப் படுவதால் 'மூலக்கூற்றச்சுப் பலபடி' என்றே போடுகிறேன். மற்றதற்கு 'கட்டுறு தனிஉறுப்புப் பலபடியாக்கல்'. ஐயூபேக் கருத்து அடிக்குறிப்பில் வரும். ராஃப்ட், ராஃப்டாகவே இருக்கட்டும்.

---

நான் உடன்படவில்லை; பொறிதான் சரி. ராஃப்டை ஏன் விட்டீர்கள்? 'தெப்பம்' இருக்கிறதே.

---

ஐயா, அது சுருக்கப் பெயர்!