மலேசியா ஜூனியர் யூரோவிஷனில் பாட இயலுமா? ஆஸ்திரேலியா எப்படி உள்ளே நுழைந்தது?

தோட்டத்து ஆசிரியை (சுங்கை சிப்புட்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் மற்றப் பாட்டுகளும் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அந்த வகுப்புக்கு வரும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "டீச்சர், ஆஸ்திரேலியா ஐரோப்பாவிலா இருக்கிறது?" என்று கேட்டாள். ஜூனியர் யூரோவிஷன் என்னும் சிறுவர் பாட்டுப் போட்டியில் ஆஸ்திரேலியக் கொடியுடன் ஒரு சிறுமி பாடிய காணொளி அது. "இல்லை" என்றேன். "அப்படியென்றால் நாமும் போகலாமே?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் இல்லாத ஒரு நாடு அந்த மேடைக்கு எப்படிச் சென்றது, மலேசியாவுக்கு அந்த வழி உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அந்தப் பிள்ளையிடம் உண்மையான பதிலைச் சொல்ல முடியும்.

பெர்த்வாசி எழுதியது:

வணக்கம் ஆசிரியை. நானும் அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். இப்போது பல ஆண்டுகளாகப் பெர்த் நகரில் இருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: அந்தப் போட்டியில் நாட்டின் பெயர் திரையில் வந்தாலும், உண்மையில் பங்கேற்பது அந்த நாட்டின் ஒளிபரப்பு நிறுவனம். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் நடத்தும் போட்டி அது. 2003-ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் தொடங்கியது. அரசாங்கமோ பள்ளியோ விண்ணப்பம் அனுப்ப முடியாது. பெற்றோர் அனுப்புவதற்கும் வழியில்லை.

இங்கே எஸ்பிஎஸ் என்னும் பல்பண்பாட்டு ஒளிபரப்பு நிறுவனம் 1983 முதலே பெரியவர்களின் யூரோவிஷனை ஒளிபரப்பி வந்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த நாடு என்பதால் அதற்கென்று ஒரு பெரிய கூட்டமே உருவானது. அந்த நிறுவனம் ஒன்றியத்தின் இணை உறுப்பினரும்கூட, அதாவது ஐரோப்பிய வட்டாரத்துக்கு வெளியிலிருந்து சேர்ந்த உறுப்பினர். 2015-இல் யூரோவிஷனின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக ஆஸ்திரேலியாவைச் சிறப்பாக அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சோபியா நகரில் நடந்த சிறுவர் போட்டியிலும் பெல்லா பேஜ் என்னும் சிறுமி பாடி எட்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு ஐந்தாம் இடம், 2017-லும் 2018-லும் மூன்றாம் இடம், 2019-இல் மறுபடியும் எட்டாம் இடம். அந்தக் கடைசி ஆண்டில் பாடிய ஜோர்டன் அந்தோணி எங்கள் பெர்த்துப் பையன். போலந்தின் கிளிவிட்ஸே நகரில் பிற்பகலில் நடந்த அந்த நிகழ்ச்சி எங்களுக்கு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது. உங்களுக்கும் அதே நேரம்தான், பெர்த்தும் மலேசியாவும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. மறுநாள் திங்கட்கிழமை, என் மகளைப் பள்ளிக்கு எழுப்பப் படாத பாடு பட்டேன்.

2020-இல் ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. அதாவது, உங்கள் மாணவி பார்த்தது ஐந்தே ஆண்டுகள் நீடித்த ஒரு பயணத்தின் காட்சி. இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்தெப்பி எழுதியது:

பெர்த்வாசி ஐயா சொன்னவை சரியானவை. ஆனால் ஆஸ்திரேலியாவை விட நமக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு கசகஸ்தான் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியா ஆங்கிலத்தில் பாடியது. அதற்கு ஏற்கனவே பெரிய யூரோவிஷனில் இடமும் இருந்தது. கசகஸ்தான் பெரியவர்களின் போட்டியில் ஒரு முறைகூடப் பாடியதில்லை. அதன் கபார் என்னும் ஒளிபரப்பு நிறுவனம் 2016-இல் இணை உறுப்பினராகி, 2018-இல் மின்ஸ்க் நகரில் நடந்த சிறுவர் போட்டிக்கு அழைப்புப் பெற்றது. இணை உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, ஒன்றியத்தின் அழைப்பும் வேண்டும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அந்த முதல் ஆண்டில் டானெலியா துலெஷோவா, "உன்னை நீயே நம்பு" என்று பொருள்படும் கசாக் மொழிப் பாடலைப் பாடி இருபது நாடுகளில் ஆறாம் இடம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே உக்ரேனின் சிறுவர் குரல்தேர்வு நிகழ்ச்சியில் வென்றவர் அவர் என்பதைக் கவனிக்க வேண்டும்; எங்கிருந்தோ திடீரென்று மேடையில் வந்து நின்ற குழந்தை அல்ல. 2019-இல் யெர்ஷான் மாக்சிம் என்னும் சிறுவன் 227 புள்ளிகளுடன் இரண்டாம் இடம்; சொந்த மண்ணில் பாடிய போலந்து 278 புள்ளிகளுடன் வென்றது. 2020-இல் தொற்றுநோய்க் காலம் என்பதால் பன்னிரண்டு நாடுகள் மட்டுமே கலந்துகொண்டன. போட்டி வார்சாவில் நடந்தது என்றாலும், பிள்ளைகள் முன்கூட்டியே பாடிப் பதிவு செய்த காட்சிகளைத்தான் ஒளிபரப்பினார்கள். அந்த ஆண்டு காரகாத் பாஷானோவா, மறைந்த தம் தந்தையை நினைத்துப் பாடிய பாடல் பிரான்சுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. சொல் ஒன்றும் புரியாமலே அந்தப் பாட்டைக் கேட்டு நான் கண் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் 2021-இல் எட்டாம் இடம், 2022-இல் பதினாறு நாடுகளில் பதினைந்தாம் இடம், 2023-இல் கசகஸ்தானும் விலகிவிட்டது.

இரு முறை வெற்றியின் வாசல் வரை சென்ற நாடே அடுத்த மூன்று ஆண்டுகளில் காணாமல் போனது என்றால், குழந்தைகளின் திறமை குறைந்துவிட்டது என்று பொருளல்ல. போவதா நிற்பதா என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்வது நிறுவனம்.

கம்பார் மணி எழுதியது:

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாடலின் பெரும்பகுதி அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. ஆகவே மலேசியா ஒருநாள் போனாலும் மலாய்ப் பாட்டுதான் போகும். சிங்கப்பூர் போனால் தமிழுக்கும் வாய்ப்புண்டு, அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று! இதைச் சற்றுக் குறும்பாகத்தான் எழுதுகிறேன்.

ஆனாலும் வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். எஸ்4சி என்னும் வேல்ஷ் மொழித் தொலைக்காட்சி 2018-இலும் 2019-இலும் பிள்ளைகளை அனுப்பியது. முதல் ஆண்டு இருபது நாடுகளில் கடைசி இடம், அடுத்த ஆண்டு பத்தொன்பதில் பதினெட்டாம் இடம். இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீட்டில் வாழும் ஒரு சிறிய மொழி அந்த மேடையில் முழுப் பாட்டாக ஒலித்தது. அயர்லாந்தும் அப்படியே: ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4 தான் 2015 முதல் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கியது, பன்னிரண்டாம் இடத்தில் தொடங்கி 2022-இல் நான்காம் இடம் வரை வந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்ற முறையில் எனக்கு வெற்றி பெற்ற நாடுகளை விட இந்த இரண்டின் மீதுதான் அக்கறை.

பழைய கிராணி எழுதியது:

ஆசிரியை அவர்களே, பெரியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். போட்டியாளரின் வயது ஒன்பது முதல் பதினான்கு வரை. உங்கள் மாணவிக்கு இப்போது பதினொன்று. நம் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் இணைந்திருப்பது ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தில். அதன் தலைமையகமே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அந்த ஒன்றியமும் 2012 முதல் பாட்டு விழா நடத்துகிறது என்றாலும் அது வளர்ந்த கலைஞர்களுக்கான மேடை. நம் ஊரில் அழைப்பும் பணமும் விருப்பமும் மூன்றே ஆண்டுகளில் ஒன்றுகூடும் என்று அந்தக் குழந்தையை நம்பவைக்க வேண்டாம். திருவிழாவில் மைக் பிடித்த பிள்ளைகளை "நாளைக்கு டிவியில் வருவாய்" என்று உசுப்பிவிட்டு, பிறகு மறந்துபோன பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

தோட்டத்து ஆசிரியை மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. கிராணி ஐயா சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தேவையான சொல். நேற்று வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்து, நாடு போவதில்லை, நிறுவனம்தான் போகிறது என்பதையும், இப்போதைக்கு நம் நாட்டிலிருந்து வழியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். முகம் சற்று வாடியது. பிறகு, "அப்படியென்றால் ஓட்டாவது போடலாமா?" என்று கேட்டாள். 2017 முதல் இணையத்தில் எந்த நாட்டிலிருந்தும் வாக்களிக்கலாம் என்பதும், ஒருவர் குறைந்தது மூன்று பாடல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் தேடிப் பார்த்தபோது தெரிந்தது. அடுத்த போட்டியன்று கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா என்று பெற்றோர்களிடம் கேட்கப் போகிறேன்; நடுநிசி தாண்டும் என்பதால் தலைவர் சம்மதிப்பாரா தெரியவில்லை.

ஸ்தெப்பி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரகாத் பாடிய அந்தப் பாட்டின் கசாக் வரிகளுக்குத் தமிழில் பொருள் எழுதித் தர முடியுமா? மெட்டை அவள் ஏற்கனவே பிடித்துவிட்டாள். என்ன பாடுகிறோம் என்று தெரியாமல் பாட மாட்டேன் என்கிறாள்.