60 விழுக்காடு நுண்துளை கொண்ட டைட்டேனியம்: யங் குணகம் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது?

கேள்வி (முதுநிலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். எலும்புப் பதியத்துக்கான (எலும்புக்குள் பொருத்தும் உலோகத் துண்டு) திட்டப்பணியில், டைட்டேனியம்-6 அலுமினியம்-4 வனேடியம் தூளோடு 300 முதல் 500 மைக்ரான் வரையிலான யூரியா மணிகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நீக்கிய பின், வெற்றிட உலையில் 1250 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சின்டரிங் (உருக்காமல் சூடேற்றித் தூளை ஒட்டவைத்தல்) செய்தேன். 10 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. உயரமும் உள்ள உருளைகளை அழுத்தியபோது, தகைவு (பரப்பலகுக்கான விசை), திரிபு (உயரத்தில் சுருங்கிய பங்கு) வரைபடத்தின் தொடக்கச் சரிவிலிருந்து கிடைத்த யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு, 4 ஜிகாபாஸ்கல்தான். நுண்துளைப் பொருளின் குணகத்தைக் கணிக்கும் கிப்சன்-ஆஷ்பி தொடர்பின்படி, திண்ம உலோகத்தின் 110ஐ, துளை போக எஞ்சும் உலோகப் பங்கான 0.4இன் இருமடியால் பெருக்கினால் 17க்கு மேல் வர வேண்டும். மேலும், மூன்று உருளைகளில் ஒன்று, தகைவு ஏறாமல் கிடையாக ஓட வேண்டிய கட்டத்தை எட்டாமலே, 45 பாகைச் சாய்வில் விண்டு உதிர்ந்தது. பிழை செய்முறையிலா, அளவீட்டிலா?

பதில் 1 (சோதனைக்கூடப் பொறியாளர்)

திரிபை எங்கிருந்து எடுத்தீர்கள்? இயந்திரத்தின் நகரும் தலை காட்டும் இடப்பெயர்ச்சியிலிருந்து என்றால், உருளையோடு சேர்ந்து இயந்திரமும் அமுங்கியதைத்தான் அளந்திருக்கிறீர்கள். உங்கள் உருளையின் விறைப்பு, 17.6 ஜிகாபாஸ்கல் என்று கொண்டால், மி.மீ.க்கு ஏறத்தாழ 92 கிலோநியூட்டன். சட்டமும் தட்டுகளும் பளு உணரியும் சேர்ந்து 30 என்று வைத்துக்கொண்டால், 2 கிலோநியூட்டன் பளுவில் உருளை 0.022 மி.மீ. சுருங்கும்போது இயந்திரம் 0.067 மி.மீ. இணங்கிக் கொடுக்கிறது. அப்போது தோன்றும் குணகம் 4.3. உருளை இல்லாமல் தட்டுகளை மட்டும் அழுத்திப் பாருங்கள். தொடக்கச் சரிவையும் நம்பாதீர்கள். முகங்கள் சரியாகப் படியும் வரை அது தாழ்ந்தே இருக்கும். நுண்துளை உலோகங்களின் அழுத்தச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 13314 தரநிலை, இடையில் பளுவை இறக்கி ஏற்றும் வளையத்திலிருந்தே சரிவை எடுக்கச் சொல்கிறது.

பதில் 2 (தூள் உலோகவியல் ஆய்வாளர்)

உதிர்ந்த உருளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடைந்த முகம் வெள்ளிச் சாம்பலாக இல்லாமல் வைக்கோல் நிறமோ நீலமோ காட்டினால், ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். தூளுக்குப் பரப்பு மிகுதி என்பதால் இது எளிதில் நேரும். ஆக்சிஜன் ஏற ஏற வலிமை கூடினாலும் நுண்சுவர்கள் வளையாமல் முறியும். அடுத்த முறை உருளைகளைச் சுற்றிக் கொஞ்சம் டைட்டேனியம் பஞ்சை (பஞ்சுபோல் துளைகள் நிறைந்த டைட்டேனியக் கட்டி) வையுங்கள்; எஞ்சிய ஆக்சிஜனை அது முதலில் வாங்கிக்கொள்ளும். யூரியா முழுவதும் கரைந்ததா என்பதை, உலர்த்தி எடைபோட்டு உறுதிசெய்யுங்கள், ஏனெனில் உள்ளே தங்கியது 133 டிகிரியில் உருகிச் சிதையும்போது கார்பனையும் நைட்ரஜனையும் உலோகத்துக்குக் கொடுக்கும். முகம் பளிச்சென்று இருந்தால், கலவை சீராக இல்லை என்று ஐயப்படுங்கள். கலக்கும்போது சில துளி எத்தனால் விட்டால் தூள் யூரியா மணிகளில் ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் மணிகள் ஒரு புறமாகத் திரண்டு, அந்தத் தளத்திலேயே உருளை விண்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னதுபோலத் தட்டுகளை மட்டும் அழுத்தினேன். விறைப்பு 28 வந்தது. அதைக் கழித்தால் குணகம் 15.7 ஆகிறது. உடைந்த முகத்தில் ஓரமாக இலேசான வைக்கோல் நிறம் தெரிகிறது.

பதில் 1 (சோதனைக்கூடப் பொறியாளர்)

அந்த 15.7ஐ அப்படியே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். 28 என்பது 27 ஆனால் 17.7 வரும், 29 ஆனால் 14.3 வரும், கழித்துப் பெறும் எண் அவ்வளவு ஊசலாடும். இரு தட்டுகளுக்கும் இடையே எக்ஸ்டென்சோமீட்டரை (நீள மாற்றத்தை நேராக அளக்கும் கருவி) பொருத்தி, எஞ்சிய இரண்டு உருளைகளில் நசுங்காத ஒன்றையாவது மீண்டும் அளந்துவிட்டு எழுதுங்கள்.