நினைவுமலர்ப் பட்டியல்: மருந்தில்லாமல் போனவர்களையும் சேர்க்க வேண்டும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

2009இல் வன்னிப் போர் முடிந்த மே 18ஐ நினைவுகூரும் மலருக்காக எங்கட ஊராக்களின் ரொறன்ரோக் கிளை அனுப்பிய, போரில் இறந்த எங்கட ஊராக்களின் பெயர்ப் பட்டியலை நேற்றிரவு முழுக்க வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஷெல், கிபிர் (குண்டுவீச்சு விமானம்), சூடு என்று இறந்த விதத்தைச் சொல்லும் ஒரு சொல். என்ர பெரியம்மாவின் பெயரைக் காணவில்லை. தொகுத்த தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அண்ணை, அவ வருத்தத்தில, நோயில தானே செத்தவ" என்றார். அவரில் பிழை இல்லை. காயம்பட்டவர்களை மட்டும் எண்ணத்தான் நாங்கள் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் இன்சுலின் எடுத்து வருவா. இடம்பெயர்ந்த பிறகு ஐஸ்பெட்டி ஏது? முட்டிப் பானைக்குள் ஈரமணலைப் போட்டு அதற்குள் குப்பியைப் புதைத்து, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று மச்சாள் அந்த முட்டியைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறா. மாத்தளனுக்கு வந்தபோது முட்டி இருந்தது, மருந்து முடிந்துவிட்டது. காலில் ஒரு சின்னக் கீறல். வேறு இடமென்றால் இரண்டு கிழமையில் ஆறியிருக்கும். புண் அழுகி, தறப்பாளுக்குக் கீழேயே உயிர் போனது.

இதை வெறும் வருத்தம் என்று எப்படி எழுதுவது? அந்த மருந்து தானாகத் தீர்ந்து போகவில்லை. 2008 செப்டம்பரில் அரசாங்கத்தின் உத்தரவோடு ஐ.நா.வும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. 2009 தொடக்கத்தில் உள்ளே இருக்கிற சனம் சுமார் 70,000 என்று அரசு சொன்னது. போரின் கடைசியில் அரசின் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேர் அளவில். தலையைக் குறைத்து எண்ணினால் சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

ஆஸ்பத்திரியும் சனத்தோடு சேர்ந்து ஓடியது. பெப்ரவரி முதல் கிழமையில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப ஷெல் விழ, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம் வார்ட் ஆனது. கட்டில் இல்லை, நிலத்தில் பாய். சேலைன் போத்தலை மரக்கிளையில் கட்டினார்கள். பெப்ரவரி 10ஆம் திகதி செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் முதல் தடவையாக 240 பேரைத் திருகோணமலைக்கு ஏற்றிப் போனது. மே 9க்குப் பிறகு கப்பல் வரவே இல்லை. அதற்கிடையில் காயக்காரர், நோயாளிகள், துணைக்குப் போனவர்கள் என்று ஏறத்தாழ 14,000 பேர் அந்த வழியால் வெளியே வந்தார்கள். எங்கட ஊராக்கள் சிலர் இன்று உயிரோடு இருப்பது அந்தக் கப்பலால்தான்.

எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. மார்ச் நடுப்பகுதியில், அங்கே அரச வைத்தியர்களாக இருந்த டொக்டர் சத்தியமூர்த்தியும் டொக்டர் வரதராஜாவும் சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அன்ரிபயோட்டிக் இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒரு போத்தல் சேலைன் கூட அனுப்பப்படவில்லை, அடிப்படை மருந்துகள் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியில் நடந்த சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்று எழுதினார்கள். வைத்தியம் பார்த்தவர்களே, அந்த நேரத்திலேயே, தங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதியது இது. இதை வைத்துக்கொண்டு நாங்கள் இன்னும் 'ஷெல்லில் செத்தது', 'வருத்தத்தில் செத்தது' என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், முன்னரங்கில் இருந்த ஆஸ்பத்திரிகளை அரச படைகள் தொடர்ந்து ஷெல்லால் தாக்கின என்றது. அரசு அதை மறுத்தது. அதே அறிக்கை, புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. இதை எழுதுவதால் இந்தக் குழுவில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மறித்திராவிட்டால் பெரியம்மா வவுனியா வரைக்குமாவது போயிருப்பா.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். 2008 ஓகஸ்டிலிருந்து முகாம் காலம் வரைக்கும் மருந்து கிடையாமல், ஆஸ்பத்திரி கிடையாமல் போன எங்கட ஊராக்கள் எல்லோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். பங்கருக்குள் பிள்ளை பெற்று இரத்தம் போய் இறந்தவர்கள், இழுப்புக்காரர் (ஆஸ்துமா நோயாளிகள்), வயிற்றோட்டத்தில் போன பச்சைப் பிள்ளைகள், பாம்பு கடித்தவர்கள். முகாமுக்கு வந்த பிறகு இறந்த கிழவன் கிழவிகளையும் விட வேண்டாம். மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. பலருக்கு அது இல்லவே இல்லை. பெயர், வயது, எந்த இடம், எந்த மாதம், என்ன மருந்து இல்லாமல் போனது, இவ்வளவும் போதும். அம்மா, மாமிமாரிடம் கேளுங்கள். அவர்கள்தான் கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்தவர்கள். இதுவரைக்கும் நாங்கள் கேட்காதபடியால்தான் அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்டபோது மச்சாள் இரண்டு மணித்தியாலம் கதைத்தா.

ஏப்ரல் முடிய முன்னம் அனுப்பினால் அச்சுக்குக் கொடுக்கலாம். பெரியம்மாவின் விபரத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். வயது 61, மாத்தளன், மார்ச் 2009, இன்சுலின்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் ஊரவன்