மட்டக்களப்பு வானத்துக்கு எந்த விண்மீன் வரைபட நூல் பொருந்தும்?

கேள்வி (கல்லடியிலிருந்து)

சித்திரை வருடப்பிறப்புக்கு இலண்டனிலிருந்து வரவிருக்கும் என் மச்சான், அச்சிட்ட விண்மீன் வரைபட நூல் ஒன்றும் சந்திர வரைபடம் ஒன்றும் வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருப்பவை 50 மில்லிமீற்றர் பைனாகுலரும் 114 மில்லிமீற்றர் நியூற்றன் வகைத் (ஆடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைகாட்டியும். கைபேசிச் செயலியின் வெளிச்சம் இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடுவதால் புத்தகத்தையே நாடுகிறேன். ஆசிரியர் ஒருவர் தந்த, 1950ஆம் ஆண்டு ஆள்கூறுகளை (விண்மீன்களின் இடத்தைக் குறிக்கும் எண்களை) கொண்ட பழைய நூல் ஒன்று கையில் உண்டு. அதுவே போதுமா?

பதில் (படுவான்கரையிலிருந்து)

பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையசைப்பதால் ஆள்கூறுகள் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகர்கின்றன. உடுத்தொகுதிகளின் வடிவமோ மாறுவதில்லை. ஆகவே விண்மீனுக்கு விண்மீன் தாவித் தேடுபவருக்கு அந்த நூல் இன்றும் உதவும். எண்களை நம்பித் தொலைகாட்டியைத் திருப்புபவருக்கு முழுநிலவு இரண்டின் அகலமளவு பிழை வரும்.

புதிதாக வாங்குவதானால் என் தெரிவு, 2006இல் வெளிவந்த 'பொக்கெற் ஸ்கை அற்லஸ்'. ஒளிர்வெண் (எண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும்) 7.6 வரையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதன் 80 படங்களில் உள்ளன. சுருள்கம்பிக் கட்டு என்பதால் மடித்து முழங்காலில் வைத்துக்கொள்ளலாம். வானத்தை வடக்குத் தெற்கான எட்டுக் கீற்றுகளாகப் பிரித்து, கீற்றுக்குப் பத்துப் படங்களாக அடுக்கியிருக்கிறார்கள். வட அகலாங்கு 7.7 பாகையில் இருக்கும் நமக்கு, உச்சியைக் கடக்கும் கீற்று அநேகமாக முழுவதும் ஒரே வேளையில் அடிவானுக்கு மேலே நிற்கும். இலண்டனில் ஒருநாளும் உதிக்காத ஒமேகா சென்ரோரி விண்மீன் கொத்து, இங்கே தெற்கு அடிவானிலிருந்து 35 பாகை உயரம் வரை ஏறுகிறது. அங்கே விற்கும், 50 பாகை அகலாங்குக்கான சுழல்வட்டப் படத்தை (நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்பத் திருப்பிப் பார்க்கும் வட்ட வரைபடத்தை) மச்சான் அன்போடு வாங்கிவந்தால், அது நம் வானத்துக்குப் பொருந்தாது, சுவரில் மாட்டிவையுங்கள்.

பதில் (அக்கரைப்பற்றிலிருந்து)

நூல் விடயத்தில் சற்று மாறுபடுகிறேன். உங்கள் தொலைகாட்டிக்கு, ஒளிர்வெண் 8.5 வரை 81,000 விண்மீன்களைக் காட்டும் 'ஸ்கை அற்லஸ் 2000.0' மேலானது, ஆனால் அதன் 26 பெரிய படங்களை விரிக்க மேசை வேண்டும், கடற்கரை மணலில் அது நடவாது.

சந்திர வரைபடத்தில் திசையே முக்கியம். நியூற்றன் வகைத் தொலைகாட்டி பிம்பத்தை 180 பாகை திருப்புமேயன்றி இடவலம் மாற்றாது. சாதாரணப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். வில்லைத் தொலைகாட்டியில் மூலைக்கண்ணாடி (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் ஆடி) பொருத்தியவருக்குத்தான் இடவலம் மாறிய பதிப்பு தேவை. அன்ரனின் ருக்கிள் வரைந்த சந்திரப் படம், லமினேற் செய்த மடிப்புத் தாளாக இரு வகையிலும் வந்திருக்கிறது. நம் உப்புக்காற்றுக்கு அதுவே ஏற்றது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு ஐயம்: பைனாகுலரில் எதையும் திருப்பாமலே பார்த்தாலும், கடலிலிருந்து எழும் சந்திரன் படத்தோடு பொருந்துவதில்லையே?

பதில் (திருக்கோவிலிலிருந்து)

படங்கள் வடக்கை மேலே வைத்து வரையப்படுகின்றன. நிலநடுக்கோட்டை அண்டிய நமக்குச் சந்திரன் உதிக்கும்போது அதன் வடக்கு இடப்புறமும், மறையும்போது வலப்புறமும் சாய்ந்திருக்கும். எனவே எழுவான்கரையில் நின்று பார்க்கையில், படத்தின் வலப்பக்கம் மேலே வரும்படி கால்வட்டம் திருப்புங்கள். சந்திரனில் நெருக்கடிக் கடல் எனப்படும் கரிய நீள்வட்டம் மேல் விளிம்பருகே தெரியும். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றுபவராயின், சிவப்பு மையில் அச்சிட்ட குறிகள் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.